மைக்ரோவேவ், ஆர்எஃப் சூடேற்றல்: பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கையாள்பவர்களுக்குச் சில பாடங்கள்

கழுவி உலர்த்திய வெள்ளை பாலிஎத்திலீன் துகள்களை ஒரு கண்ணாடித் தட்டில் பரப்புங்கள். அதன் நடுவே கார்பன் பிளாக் தாராளமாகக் கலந்த கறுப்புத் துகள்கள் ஒரு பிடி போடுங்கள். பக்கத்தில் ஒரு குவளை தண்ணீரும் வைத்து மைக்ரோவேவை ஓடவிடுங்கள். (இதற்கென்று தனி அடுப்பு வேண்டும், சாப்பாடு சூடாக்கும் அடுப்பில் இதைச் செய்யவே கூடாது.) சற்று நேரத்தில் கறுப்புத் துகள்கள் ஓரம் மழுங்கிப் பளபளத்து, ஒன்றோடொன்று ஒட்டும். தொட்டுக்கொண்டிருக்கும் வெள்ளைத் துகள் மட்டும் அந்தச் சூட்டில் லேசாக வளையும். இரண்டு விரல் தள்ளிக் கிடக்கும் வெள்ளைத் துகளுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது.

இந்தத் தொழிலில் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்தத் தட்டில் இருக்கிறது. சாதாரண உலையில் வெப்பநிலையை உலை முடிவு செய்யும். இங்கே பொருள்தான் முடிவு செய்யும். எது அலையை உறிஞ்சுகிறதோ அது மட்டும் சூடாகும், மற்றது வேடிக்கை பார்க்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் முதலில் இயந்திரத்தை வாங்கிவிட்டுப் பிறகு பொருளைத் தேடுபவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

எது உறிஞ்சும், எது உறிஞ்சாது? பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், பாலிஸ்டைரீன், டெஃப்ளான் ஆகியவை அலைக்கு ஏறக்குறைய கண்ணாடி மாதிரி, ஊடுருவிப் போய்விடும். அதனால்தான் டெஃப்ளானும் பாலிபுரொப்பிலீனும் உள்ளே வைக்கும் தட்டு, தாங்கி செய்ய உதவுகின்றன. பிளாஸ்டிசைசர் (மென்மையாக்கும் பொருள்) கலந்த பிவிசி, பாலியூரிதேன், ஈரம் ஏறிய நைலான் இவையெல்லாம் நன்றாக உறிஞ்சும். பெட் (PET, தண்ணீர்ப் போத்தல்) பிளாஸ்டிக் அறை வெப்பத்தில் சாதுவாக இருக்கும்; 75 டிகிரி செல்சியஸ் வாக்கில் அதன் மூலக்கூறுகள் தளர ஆரம்பித்ததும் உறிஞ்சும் திறன் கூடும். மரம், வைக்கோல், சக்கை போன்றவற்றில் பெரும்பாலும் தண்ணீர்தான் வேலை செய்கிறது; அதில் கரைந்த உப்புகளும் சேர்ந்துகொள்ளும். கரி எல்லாவற்றையும் விட வேகமாகச் சூடேறும்.

பெட், நைலான் போன்றவற்றில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. சூடு ஏற ஏற உறிஞ்சுதல் கூடும்; உறிஞ்சுதல் கூடக் கூட சூடு இன்னும் வேகமாக ஏறும். ஓரிடம் மற்ற இடங்களைவிட 10 டிகிரி முந்திவிட்டால் போதும், அடுத்த நிமிடம் அது 50 டிகிரி முந்தியிருக்கும். வெளியே திடமாக இருக்கும் கட்டியை உடைத்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் கருகிப் பிசுபிசுக்கும். இதைத் தடுக்க முக்கிய வழி, மின்திறனைக் குறைத்து, உள்ளே வெப்பம் பரவ நேரம் கொடுப்பதுதான். உறைந்த ஈரமரத்திலும் இதே கதை. பனிக்கட்டி அலையை அனேகமாக உறிஞ்சாது. முதலில் உருகிய மூலை எல்லாத் திறனையும் இழுத்துக்கொள்ளும்.

அடுத்தது ஆழம். தொழிலுக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் நமக்கு வேண்டியவை ஆர்எஃப்பில் (மைக்ரோவேவைவிட நீளமான ரேடியோ அலை) 13.56, 27.12 மெகாஹெர்ட்ஸ், மைக்ரோவேவில் 915, 2450 மெகாஹெர்ட்ஸ். 915-க்குச் சில நாடுகளில் அனுமதி இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் திட்டம் போட வேண்டும். 2450-இன் அலைநீளம் காற்றில் 12.2 செ.மீ., 915-க்கு 32.8 செ.மீ., 27.12-க்கு சுமார் 11 மீட்டர்.

அலையின் திறன் 37 சதவீதமாகக் குறையும் தூரத்தை ஊடுருவும் ஆழம் என்கிறோம். இழப்பு மிதமாக உள்ள பொருளுக்கு இப்படிக் கணக்கிடலாம்: அலைநீளத்தை மின்காப்பு மாறிலியின் (பொருள் மின்புலத்தை எவ்வளவு தேக்குகிறது என்ற எண்) வர்க்கமூலத்தால் பெருக்கி, இழப்புக் காரணியின் (அதில் எவ்வளவு சூடாக மாறுகிறது என்ற எண்) 6.28 மடங்கால் வகுக்க வேண்டும். மாறிலி 4, இழப்புக் காரணி 0.8 உள்ள ஈரத்தூளை எடுத்துக்கொண்டால் 2450-இல் ஏறத்தாழ 4.9 செ.மீ. வரும். அதே மதிப்புகள் 915-இலும் இருந்தால் 13 செ.மீ. ஆகவே 2450 அடுப்பில் 20 செ.மீ. உயரத்துக்குத் தூளைக் குவிப்பவர், மேல் பகுதியை உலர்த்திவிட்டு நடுப்பகுதியை ஈரமாகவே விட்டிருப்பார். இரண்டு பக்கத்திலிருந்தும் அலை வந்தால் ஆழத்தைப் போல இரண்டு மடங்குவரை தடிமன் வைக்கலாம். ஒரு பக்கம் மட்டுமென்றால் ஒரு மடங்கோடு நிறுத்துவது நல்லது. தடிமனான மரக்கட்டை, அழுத்திய பொதி என்றால் ஆர்எஃப் பக்கம் போவதே சரி.

இயந்திரத்தின் பெயர்ப்பலகையில் உள்ள எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் கொண்ட இரண்டு பீக்கர்களைச் சுமார் 20 டிகிரியில் வைத்து, முழுத் திறனில் 2 நிமிடம் ஓடவிட்டு, உடனே நன்றாகக் கலக்கி இரண்டிலும் வெப்பநிலை பாருங்கள். சராசரி உயர்வை 70-ஆல் பெருக்கினால் பொருளுக்குள் போகும் வாட் கிடைக்கும். 10 டிகிரி ஏறினால் 700 வாட். மாதம் ஒருமுறை இதைச் செய்து சுவரில் எழுதிவைத்தால், அலையை உண்டாக்கும் குழலான மேக்னட்ரான் தளர்வது முன்கூட்டியே தெரிந்துவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல வீட்டு அடுப்புகளில் '50 சதவீதம்' என்பது முழுத் திறனில் சில விநாடி, அணைந்து சில விநாடி என்றுதான் அர்த்தம். கட்டுமீறிச் சூடேறும் பொருளுக்கு அந்தச் சில விநாடியே போதும், கருகிவிடும்.

அலை எங்கே விழுகிறது என்று பார்க்க, ரசீது அச்சடிக்கும் வெப்பக் காகிதம் நல்ல கருவி. ஒரு அட்டையில் ஈரத்துணி விரித்து, மேலே காகிதத்தை ஒட்டி, சுழல்தட்டை எடுத்துவிட்டு 15 விநாடி ஓடவிடுங்கள். ஏறக்குறைய 6 செ.மீ. இடைவெளியில், அதாவது அரை அலைநீளத்துக்கு ஒன்றாக, கறுப்புத் திட்டுகள் தோன்றும். உயரத்தை 2 செ.மீ. மாற்றி மறுபடி செய்தால் திட்டுகள் இடம் மாறியிருக்கும். பொருளை நகர்த்திக்கொண்டோ கிளறிக்கொண்டோ இருப்பது ஏன் அவசியம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. வெற்று அடுப்பில் பார்த்த வரைபடம் பொருள் நிரம்பியதும் மாறிவிடும். அதனால் உண்மையான சுமையோடும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி பணம் போகும் இடத்துக்கு வருவோம். மணிக்கு 100 கிலோ மரத்தூள், 50 சதவீத ஈரத்திலிருந்து 15 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். (மொத்த எடையில் எத்தனை சதவீதம் ஈரம் என்ற கணக்கு இது. உலர் எடைக் கணக்கில் இதே 50 என்பது 100 சதவீதம். எந்தக் கணக்கு என்று கேட்காமல் இயந்திரத்துக்கு விலை பேசினால் திறன் இரண்டு மடங்கு பிசகும்.) உலர்பொருள் 50 கிலோ. முடிவில் எடை 58.8 கிலோ. வெளியேற வேண்டிய தண்ணீர் 41.2 கிலோ. 25 டிகிரியில் உள்ள ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 0.71 யூனிட் வேண்டும். ஆக 29 யூனிட். மரத்தையும் தங்கும் ஈரத்தையும் சூடாக்க இன்னும் இரண்டரை. பொருளுக்குள் 32 கிலோவாட் போக வேண்டும். 2450 மேக்னட்ரானும் அதன் மின்வழங்கியும் சேர்ந்து இழுக்கும் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் அலையாகிறது; அதிலும் கொஞ்சம் சுவரிலும் எதிரொளிப்பிலும் போய்விடும். மீட்டரில் 55 கிலோவாட்டுக்கு மேல் ஓடும். இப்படி உலர்த்திய தூள் எந்தச் சந்தையிலும் விலைபோகாது.

இதே வேலையில் 25 சதவீதம் வரை சுடுகாற்றையோ வீணாகும் புகைச்சூட்டையோ வைத்து இறக்கிவிட்டால், மைக்ரோவேவ் பகுதிக்குள் வருவது 66.7 கிலோ. வெளியேற வேண்டியது வெறும் 7.9 கிலோ தண்ணீர். ஏற்கெனவே சூடாக வரும் என்பதால் பொருளுக்கு 6 கிலோவாட், மீட்டரில் 11 கிலோவாட் வாக்கில் முடிந்துவிடும். சுடுகாற்று திணறுவதும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். மேற்பரப்பு காய்ந்துபோய் உள்ஈரம் வெளிவர மறுக்கும் நேரம் அது. அலை உள்ளேயே ஆவியை உண்டாக்கி வெளியே தள்ளிவிடும். அதைவிட மலிவானது, தண்ணீரை ஆவியாக்கும் முன்பே பிழிவது. கழுவிய பிளாஸ்டிக் துகள்களை மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றாமல் நேரே மைக்ரோவேவுக்குள் தள்ளுவது காசைக் கரைப்பது.

ஆனால் மிகக் கடைசி ஈரத்துக்கும் இதை நம்பக்கூடாது. மோல்டிங்குக்குப் போகும் பெட் பிளாஸ்டிக்கில் ஈரம் 50 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழே வேண்டும். அந்த அளவில் உறிஞ்சத் தண்ணீரே இல்லை. அலை பிளாஸ்டிக்கைத்தான் தேடும். அங்கே ஈரம் நீக்கிய சூடான காற்றோட்டம்தான் வேலைக்காகும். மரத்திலும் உலர் எடையில் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே மீதமுள்ள தண்ணீர் நார்ச்சுவரோடு ஒட்டியிருப்பதால் உறிஞ்சுதல் வேகமாகச் சரியும். அந்தக் கட்டத்தில் திறனைக் குறைக்காவிட்டால், உறிஞ்சப்படாத அலை திரும்பி மேக்னட்ரானைத் தாக்கும். இல்லையேல் ஏதோ ஒரு கரும்புள்ளியில் போய்க் குவியும். வேவ்கைடில் (அலையைக் கொண்டுவரும் உலோகக் குழாய்) சர்க்குலேட்டரும் (திரும்பும் அலையைத் திசைதிருப்பும் கருவி) அதை உறிஞ்ச ஒரு தண்ணீர்ச் சுமையும் இருந்தால் திரும்பும் அலை அங்கே போய்ச் சாகும். இதில் சிக்கனம் பார்த்தவர்கள் மேக்னட்ரான் வாங்கியே செலவழிக்கிறார்கள்.

ஆவியை வெளியேற்றுவதை யாரும் முதலில் நினைப்பதில்லை. அறைக்குள்ளே காற்று குளிர்ச்சியாக இருந்தால் ஆவி கூரையில் படிந்து சொட்டும். சொட்டிய இடம் மறுபடி சூடாகும், பட்ட சூடெல்லாம் வீண். 70, 80 டிகிரியில் காற்றை மெல்ல ஓடவிட்டால் சுவர் ஈரமாகாது. ஆர்எஃப்பில் இது இன்னும் முக்கியம். எலக்ட்ரோடு தகட்டில் ஒரு துளி தொங்கினாலே அங்கே மின்புலம் கூடிப் பொறி பறக்கும். பொறி பட்ட இடத்தில் கரிக்கோடு விழும். அடுத்த பொறி அதே கோட்டில் போகும். தகட்டைச் சூடாக வைத்து, பொருளுக்கும் மேல்தகட்டுக்கும் இடையே சூடான காற்றை வீசுவதால் இது நிற்கும். கரிக்கோட்டைத் துணியால் துடைத்தால் போதாது; பளபளப்பு வரும்வரை தேய்த்து எடுக்க வேண்டும்.

பழைய மரத்தில் ஆணி, ஸ்டேப்பிள். பிளாஸ்டிக்கில் அலுமினியம் பூசிய படலம். இரண்டும் தீப்பொறிக்குக் காரணம். கன்வேயருக்கு முன்னால் காந்தமும் உலோகங்காட்டியும் வைப்பது பேரம் பேசும் விஷயமே இல்லை. உலர்த்தியின் தீ வெளியே தெரியாமல் குவியலின் நடுவில் கங்காகப் பிடிக்கும். முதலில் வருவது வாசனை, பிறகு கார்பன் மோனாக்சைடு. அதற்கான உணர்கருவியை வெளியேறும் காற்றுக்குழாயில் வைத்து, அளவு ஏறியதும் அலை தானாக நிற்கும்படி செய்யுங்கள். கதவைத் திறந்து பார்ப்பதுதான் பெரிய தவறு. திறந்த நொடியில் ஆக்சிஜன் கிடைத்து கங்கு சுடராகும்.

ஆர்எஃப் ஒட்டுதலைச் சுருக்கமாகச் சொல்லலாம். மென்மையான பிவிசி, பாலியூரிதேன் தாள்களை 27.12-இல் பித்தளை எலக்ட்ரோடு அழுத்தி ஒட்டுவது பழகிய முறை. பாலிஎத்திலீன் தாள் இதில் ஒட்டாது. எத்தனை கிலோவாட் ஏற்றினாலும் ஒட்டாது. முதலில் அழுத்தம், பிறகு 2 முதல் 4 விநாடி ஆர்எஃப், பிறகு அழுத்தத்தை எடுக்காமல் அதே அளவு நேரம் ஆறவிடுதல். ஆறும் நேரத்தைத் திருடுவதால்தான் பாதி ஒட்டு பிரிகிறது. காலையில் முதல் சில ஒட்டுகள் பலவீனமாக வந்தால் எலக்ட்ரோடு குளிர்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். லேசாக வெதுவெதுப்பாக்கிவிட்டுத் தொடங்குங்கள். கீழ்த்தகட்டின் மேல் பாலியஸ்டர் அல்லது பேக்கலைட் தாள் இருந்தால் பொறி குறையும், சூடும் ஓடிப்போகாது. சோதனை சுலபம்: ஒட்டைப் பிடித்து இழுத்தால் பக்கத்துத் தாள் கிழிய வேண்டும், ஒட்டு பிரியக்கூடாது. மரப்பலகை ஒட்டுவதில், மின்புலம் பசைக்கோட்டுக்கு இணையாக ஓடும்படி எலக்ட்ரோடுகளை வையுங்கள். பசை முதலில் சூடாகும். குறுக்கே வைத்தால் மரத்தையும் சேர்த்துச் சூடாக்குவீர்கள். பலகை ஈரமாக இருந்தாலும் அதேதான்.

பைராலிசிஸில், அதாவது காற்றில்லாமல் சூடாக்கிப் பொருளை உடைப்பதில், கவனம் இன்னும் அதிகம் வேண்டும். உலர்ந்த மரமும் பாலிஎத்திலீனும் தாமாக அலையை அதிகம் உறிஞ்சா. உறிஞ்சும் துணைப்பொருள் தேவை: கரித்தூள், சிலிக்கான் கார்பைடு. முந்தைய ஓட்டத்தின் கரியையே எடையில் 5 முதல் 10 சதவீதம் கலப்பது தொடங்க ஏற்ற அளவு. கரி கனமும் பருமனும் வேறாக இருந்தால் ஆட்டத்தில் அடியில் இறங்கிவிடும். துகள் அளவை ஒன்றாக்கி, கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். மரத்தில் ஹெமிசெல்லுலோஸ் 220 முதல் 315 டிகிரியிலும், செல்லுலோஸ் 315 முதல் 400 டிகிரியிலும் உடையும். முதல் கரித்துளிகள் பிறந்ததும் உறிஞ்சுதல் எகிறும். 200 முதல் 300 டிகிரிக்குள் நிறுத்தி வறுத்த மரம் வேண்டும் என்றால், அந்தத் திருப்பத்துக்கு முன்பே திறனைக் குறைக்கத் தயாராக இருக்க வேண்டும்.

தொடங்கும் முன் கலனின் கொள்ளளவைப் போல 5 மடங்கு நைட்ரஜனை ஓடவிடுங்கள். வாயு நன்றாகக் கலக்கும் கலனில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 0.15 சதவீதத்துக்குக் கீழே வரும். மூலை முடுக்குகளில் தேங்கும் என்பதால் அளந்து உறுதிசெய்யுங்கள். முடிந்ததும் கரி 50 டிகிரிக்குக் கீழே வரும்வரை நைட்ரஜன் ஓட வேண்டும். புதுக் கரி காற்றை உறிஞ்சித் தானாகவே சூடாகும். வெளியே எடுத்ததை மூடிய உலோகக் கலத்தில் ஒரு நாள் வைத்த பிறகே மூட்டையில் கட்டுங்கள்.

இந்த உலைகளைக் கொல்வது குவார்ட்ஸ் ஜன்னல். அலை உள்ளே வரும் அந்தத் தகட்டில் முதலில் மஞ்சள் புகைப்படலம் படியும், துடைத்தால் போய்விடும். துடைக்காமல் விட்டால் பழுப்பாகி, ஓரத்தில் தேன் மாதிரி தார் திரளும். ஒரு நாள் அது கரியாகும். கரி அலையை உறிஞ்சும், தகட்டின் அந்தப் புள்ளி மட்டும் சிவக்கும், பிறகு 'டக்' என்று விரிசல். ஜன்னலைப் பொருளிலிருந்து தள்ளி, மேலே வைத்து, அதன் முகத்தின் மேல் நைட்ரஜன் எப்போதும் உள்நோக்கி வீசும்படி செய்வதே மருந்து. வெளியேறும் குழாயையும் குளிர்விப்பான் வரை சூடாகவே வைத்திருக்க வேண்டும். வழியில் குளிர்ந்தால் தார் அங்கேயே அடைத்து அழுத்தம் ஏறும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு ஜன்னலைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

பிளாஸ்டிக் என்றால் பிவிசியை முன்பே பிரித்துவிடுங்கள். தூய பிவிசியின் எடையில் 58 சதவீதம் வரை ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறக்கூடியது. துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கும். தண்ணீரில் மிதப்பது பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன். பிவிசியும் பெட்டும் இரண்டுமே மூழ்கும், ஆகவே அந்த இரண்டையும் பிரிக்கத் தண்ணீர் உதவாது. சந்தேகத் துண்டுக்கு, காற்றோட்டமான இடத்தில் பழுக்கக் காய்ச்சிய செம்புக்கம்பியால் தொட்டு, கம்பியை மீண்டும் சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது.

வெப்பநிலை அளப்பதில் எல்லோரும் ஒருமுறையாவது ஏமாறுவார்கள். வெறும் தெர்மோகப்பிள் (இரு உலோகக் கம்பிகளால் ஆன வெப்பநிலைமானி) அலையை வாங்கித் தானே சூடாகும், பொறியும் விடும். 250 டிகிரி வரை ஃபைபர் ஆப்டிக் ப்ரோப் போதும். அதற்கு மேல் உலோக உறையிட்டு, உறையைக் கலச்சுவரோடு எர்த் செய்த தெர்மோகப்பிள். அலையை நிறுத்திய நொடியில் அளவு தாவிக் குதித்தால், அதுவரை காட்டியது பொய். இன்ஃப்ராரெட் கருவி மேற்பரப்பை மட்டும் பார்க்கும். உள்ளே வெளியைவிடச் சூடாக இருக்கும் முறை இது என்பதை மறக்கக்கூடாது.

கடைசியாகக் கசிவு. அடுப்பின் மேற்பரப்பிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட் என்பது வீட்டு அடுப்புகளுக்குப் பரவலாகப் பின்பற்றும் வரம்பு. வாயுவோ தூளோ போகும் துளைகளுக்கு உலோகக் குழாய் பொருத்த வேண்டும்: 2450-இல் 7.2 செ.மீ. விட்டத்துக்குக் கீழே உள்ள வெற்றுக்குழாயில் அலை தேய்ந்துவிடும். 4 செ.மீ. விட்டம், 12 செ.மீ. நீளம் என்றால் நிம்மதி. ஆனால் அதே குழாயில் மாறிலி 4 உள்ள ஈரத்தூள் நிரம்பினால் எல்லை 3.6 செ.மீ.ஆகக் குறையும்; 4 செ.மீ. குழாய் வழியே அலை வெளியே வந்துவிடும். குழாயின் நடுவே ஒரு கம்பி போனாலும் அப்படியே. ஆகவே துளைகளைப் பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். 2450-க்கு வாங்கிய கசிவுமீட்டர் 27.12-ஐக் காட்டாது, ஆர்எஃப் இயந்திரத்தின் அருகில் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் தனித்தனியாக அளக்கும் கருவி வேண்டும். மின்வழங்கியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. உள்ளே உள்ள கண்டன்சர் 2,000 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும், தேங்கிய மின்சாரத்தை மெல்ல வடிக்கும் மின்தடை பழுதானால் அது அப்படியே நிற்கும். காப்பிட்ட கைப்பிடியுள்ள, எர்த் செய்த மின்னிறக்கக் கோலால் இரு முனைகளிலும் தேங்கிய மின்சாரத்தை வடித்து, மீட்டரில் சுழியம் பார்த்த பிறகே கை வையுங்கள்.